குடும்பக் குழுவில் படம் அனுப்புமுன் சுருக்க வேண்டுமா, கூடாதா?

மல்லிகைப்பந்தல் (திருநெல்வேலி) | காலை 9.12

தாத்தாவின் சதாபிஷேகப் படங்களை ஆல்பமாக அச்சிடப் போகிறோம். ஒளிப்படக்காரர் எடுத்தவை தனியாக வந்துவிட்டன. ஆனால் சொந்தக்காரர்கள் ஆளாளுக்குக் கைப்பேசியில் எடுத்தவைதான் உயிரோடு இருக்கின்றன. ஆச்சி வாய்விட்டுச் சிரிக்கும் படம் ஒன்றுகூட ஒளிப்படக்காரரிடம் இல்லை. அவற்றையெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள் என்று சொன்னதும் சண்டை தொடங்கிவிட்டது.

சின்ன மாமா, "எல்லாரும் படத்தைச் சுருக்கி அனுப்புங்கள், என் போன் நிரம்பிக் கிடக்கிறது" என்கிறார். 'தரம் குறையாமல் சுருக்கும்' செயலி ஒன்றின் சுட்டியையும் போட்டுவிட்டார். பெரியப்பா மகன், "வாட்ஸ்அப்பே சுருக்கத்தான் போகிறது, நாம் வேறு எதற்குச் சுருக்க வேண்டும்?" என்கிறான். ஆல்பம் போடுகிறவரோ மூலப் படம்தான் வேண்டும் என்கிறார். மூலப் படம் என்றால் எது என்று அத்தைமார் யாருக்கும் தெரியவில்லை.

யார் சொல்வது சரி? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள், அப்படியே குழுவில் எடுத்துப் போட வேண்டும்.

---

எட்டுக்கட்டம் (பெங்களூரு) | காலை 9.47

பெரியப்பா மகன் சொல்வது பாதி சரி. மாமாவின் குறை நியாயமானது, ஆனால் அவர் காட்டும் வழியால் அது தீராது.

கைப்பேசி எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் 4000க்கு 3000 புள்ளிகள், அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் கொண்டது. புள்ளிக்கு 3 பைட் என்று வைத்தால் 36 எம்பி ஆகிறது. ஜேபெக் முறை அதை 3, 4 எம்பிக்குள் அடக்கிவிடுகிறது. ஆக, உங்கள் கேலரியில் இருக்கும் 'மூலப் படம்' என்பதே ஒருமுறை சுருங்கி வந்ததுதான். அதை வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பினால் நீளப் பக்கம் ஏறக்குறைய 1600 புள்ளிக்கு இறங்கிவிடும். 1600க்கு 1200 என்றால் 19 லட்சத்துச் சொச்சம். ஆறு புள்ளியில் ஐந்து போய்விட்டது. மிஞ்சியதையும் இன்னும் இறுக்கிச் சில நூறு கேபியில் முடித்துவிடும். டெலிகிராமில் படமாக அனுப்பினால் வழக்கமான அளவு இன்னும் சிறியது, 1280.

இந்த வேலை எங்கோ இருக்கும் சர்வரில் நடப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுகின்றன. நடுவில் இருக்கும் சர்வருக்குப் படமே தெரியாது. தெரியாததை அதனால் சுருக்கவும் முடியாது. சுருக்கம் முழுவதும் அனுப்புகிறவரின் போனிலேயே நடந்து முடிகிறது. அப்படியானால் மாமா செயலியில் ஒருமுறை சுருக்க, அதே போனில் வாட்ஸ்அப் மறுமுறை சுருக்குகிறது. முதல் சுருக்கத்தால் யாருக்கும் இடம் மிச்சமாகவில்லை. இழப்பு மட்டும் இரண்டு தடவை.

இழப்பது எதை? ஜேபெக் படத்தை 8க்கு 8 கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவாக மாறும் சாயலை ஓரளவு துல்லியமாகவும், நுண்ணிய கோடு, இழை, மயிர் போன்றவற்றைத் தோராயமாகவும் குறித்துக்கொள்கிறது. தோராயத்தின் அளவைக் கூட்டினால் கோப்பு சிறுக்கும். நிறத்தில் இன்னும் கஞ்சத்தனம்: பெரும்பாலும் பாதி அகலத்தில், பாதி உயரத்தில்தான் நிறம் சேமிக்கப்படுகிறது. வெளிச்ச வேறுபாட்டைக் காணும் நுட்பம் நம் கண்ணுக்கு நிற வேறுபாட்டில் இல்லை, அதனால் இது செல்லுபடியாகிறது. சிவப்புப் பட்டில் ஓடும் மெல்லிய சரிகையை உருப்பெருக்கிப் பாருங்கள், ஏமாற்று தெரிந்துவிடும்.

இதன் அடியில் இருக்கும் கணக்கு 1974இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. எழுதியவர்கள் நசீர் அகமது, நடராஜன், கே. ஆர். ராவ். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர், ராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். ஜேபெக் தரநிலை வந்தது 1992இல். நம் ஊர்க் குழுக்களில் காலை வணக்கம் ரோஜாவாகக் கொட்டுவதற்கு மூலகாரணம் நம்மவர்களே என்று வைத்துக்கொள்ளலாம்.

---

இருட்டறை (ஈரோடு) | காலை 10.30

ஸ்டூடியோ வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

4க்கு 6 அங்குலத்தில் போடுவதானால் வாட்ஸ்அப்பில் வந்த படமே ஓரளவு தாங்கும். 1600ஐ 6ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 266 புள்ளி. நாங்கள் கேட்பது 300, கிட்டத்தட்ட வந்துவிட்டது. அதே படத்தை 12க்கு 18 தாளில் போடச் சொன்னால் அங்குலத்துக்கு 89தான் மிஞ்சும். இப்போது எல்லாரும் விரும்பும் 12க்கு 36 விரிப்பு ஆல்பத்தில் முழு அகலத்துக்கும் ஒரே படத்தைப் போட்டால் 44. மூக்கும் புருவமும் ஒன்றாகக் கலந்துவிடும்.

குழுப்படத்தில்தான் பெரிய வம்பு. வரிசைக்கு 20 பேர் என இரண்டு வரிசை நிற்கிறார்கள் என்றால் 1600 புள்ளியில் ஆளுக்கு 80 வரும். தோள், இடைவெளி போக முகத்துக்கு 40கூடத் தேறாது. அதில் பிறகு கட்டம் கட்டமாகச் சுருக்கம் வேறு. பின்வரிசையில் நிற்கும் சித்தப்பாவை யாரும் சித்தப்பா என்று சொல்ல மாட்டார்கள்.

சிலர், "ஏஐயில் போட்டுத் தெளிவாக்குங்கள்" என்கிறார்கள். தெளியும். ஆனால் போன விவரம் திரும்பி வராது; முகம் இப்படி இருக்கும் என்று மென்பொருள் ஊகித்ததை வரைந்து தரும். பல்வரிசை அழகாக இருக்கும், அது உங்கள் ஆச்சியின் பல்வரிசையாக இருக்காது.

---

பழையபேட்டரி (விருதுநகர்) | காலை 11.05

எல்லாரும் இப்படி அச்சுக்கூடத்திலிருந்தே பேசினால் எப்படி? குழுவில் போகும் நூறு படத்தில் அச்சுக்குப் போவது இரண்டோ மூன்றோ. மற்றதை ஆறு அங்குலத் திரையில் இரண்டு நொடி பார்த்துவிட்டு இதயக்குறி போட்டு நகர்ந்துவிடுகிறோம். அதற்கு 1600 புள்ளி தாராளம்.

நான் ஊராட்சிப் பள்ளி ஆசிரியர். பெற்றோர் குழுவில் பாதிப் பேரிடம் இருப்பது 32 ஜிபி போன். அதில் இயங்குதளமும் செயலிகளும் போக மீதி சொற்பம். விளையாட்டு விழாப் படங்களை ஒருவர் 'டாக்குமென்ட்' ஆக ஒன்று 5 எம்பி வீதம் அடுக்கினால் அன்றிரவே நான்கு பேர் குழுவிலிருந்து வெளியேறுகிறார்கள். சுருக்கத்தை ஏதோ பாவம்போலப் பேசாதீர்கள். மாமாவை எனக்குப் புரிகிறது.

---

எட்டுக்கட்டம் | காலை 11.21

ஆசிரியர் ஐயா, பார்ப்பதற்கு மட்டும் அனுப்பும் படத்துக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. அந்த இடத்தில் எதுவுமே செய்யாமல் அப்படியே அனுப்பிவிடலாம், செயலி தானாகச் சுருக்கிக்கொள்ளும். முன்கூட்டியே சுருக்குவதால் பயன் இல்லை என்பதுதான் என் வாதம், சுருக்கமே கூடாது என்பதல்ல.

நாமே சுருக்கினால் பயன் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பும்போது வாட்ஸ்அப் அதில் கைவைப்பதில்லை. டெலிகிராமில் 'ஃபைல்' ஆக அனுப்புவதும் அப்படித்தான். இரண்டிலும் 2 ஜிபி வரை போகும். 5 எம்பி அதிகம், 200 கேபி போதாது என்று இருக்கும்போது, மூலப் படத்திலிருந்து நீளப் பக்கம் 2500 அல்லது 3000 வரும்படி ஒரே ஒருமுறை குறைத்து, தரத்தை 85 அளவில் வைத்துச் சேமித்து, அதை டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள். 1 எம்பி சுமாருக்கு வந்து நிற்கும். மரம், புல், இருட்டில் எடுத்த சொரசொரப்பு இருந்தால் கொஞ்சம் கூடும். வெற்றுச் சுவரும் வானமும் என்றால் குறையும். கணினியோ இணைய உலாவியோ இருந்தால் ஸ்குவூஷ் என்ற கூகுள் கருவி போதும். படம் உங்கள் உலாவிக்குள்ளேயே சுருங்கும், எங்கும் பதிவேறாது. நடுக்கோட்டை இழுத்து முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அந்த 85ஐச் சதவீதம் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒவ்வோர் அளவுகோல். ஃபோட்டோஷாப்பில் 'சேவ் ஆஸ்' வழியாகச் சேமித்தால் அது 12 வரைதான் போகும். எதிலும் உச்சத்தில் வைக்காதீர்கள்: 100க்கும் 90க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கோப்பு மட்டும் கன்னாபின்னாவென்று வீங்கும். 'ஜிப்' ஆக்கினால் சிறுக்குமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். ஜேபெக்கில் பிழிய வேண்டியது ஏற்கெனவே பிழியப்பட்டுவிட்டது, ஜிப் அதை ஒரே பொட்டலமாகக் கட்டித் தரும், அவ்வளவுதான்.

---

கிரயப்பத்திரம் (தஞ்சாவூர்) | நண்பகல் 12.15

சிரிக்கும் ஆச்சிக்கு இவ்வளவு கவலைப்படுகிறீர்கள். எங்கள் தொழிலில் வருவதைப் பார்த்தால் என்ன சொல்வீர்களோ. பத்திரத்தையோ பட்டாவையோ மேசையில் விரித்து, மேசை, டம்ளர், கால்விரல் எல்லாம் தெரியும்படி நின்றுகொண்டு எடுத்து அனுப்புகிறார்கள். அதில் புல எண்ணின் உட்பிரிவு 3ஏயா 8ஏயா என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ் எழுத்துக்கு இன்னொரு தொல்லை, மெய்யெழுத்தின் புள்ளி. சுருக்கத்தில் முதலில் கரைவது அதுதான். பழைய தட்டச்சுப் பத்திரத்தில் புள்ளியே பாதி மங்கல், இதில் வாட்ஸ்அப் வழியாக வந்தால் கேட்கவே வேண்டாம்.

வெளிநாட்டில் ஒரு நகல் இயந்திரம் 6ஐ 8 ஆக மாற்றியதாகப் படித்தேனே, அதுவும் இதே சுருக்கம்தானா?

---

எட்டுக்கட்டம் | நண்பகல் 12.40

அது வேறு. 2013இல் ஜெர்மனியைச் சேர்ந்த கணினி வல்லுநர் டேவிட் கிரீசல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகல் இயந்திரங்களில் கண்டுபிடித்தது. அங்கே பயன்பட்டது ஜேபிக்2 என்ற முறை. ஒரே மாதிரி தெரியும் எழுத்துருவங்களை ஒன்றாகக் கணக்கிட்டு, ஒன்றின் உருவையே மற்றதன் இடத்திலும் ஒட்டிவிடும். கட்டட வரைபடத்தில் அறையின் பரப்பளவே மாறிவிட்டது, அதுவும் பளிச்சென்று தெளிவான எண்ணாக. ஜேபெக் அந்த வேலையைச் செய்யாது. அது மங்கலாக்கும், எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்த மாதிரி அழுக்குப் புள்ளிகளை உண்டாக்கும். படிக்க முடியவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும், அந்த அளவில் இது நேர்மையானது.

ஆவணத்துக்கு என் யோசனை: அனுப்புமுன் ஓரத்தைக் கத்தரியுங்கள். செயலி கொடுக்கப்போவது எப்படியும் 1600 புள்ளிதான். அதில் பாதியை மேசைக்கும் டம்ளருக்கும் கொடுப்பானேன்? ஏ4 தாள் சட்டம் முழுவதையும் நிறைத்தால்கூட அங்குலத்துக்கு 137 புள்ளிதான் வரும், சிறிய எழுத்துக்கு அது எல்லைக்கோடு. தாளை மட்டும் கத்தரித்துப் பிடிஎஃப் ஆக்கித் தரும் ஸ்கேன் வசதி இப்போது பல போன்களில் உள்ளது, அதுவே மேல். திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) என்றால், இழப்பில்லாமல் சேமிக்கும் பிஎன்ஜி கோப்பாகவே, டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள்.

---

பனிக்கூதல் (டொரன்டோ) | பிற்பகல் 1.58

இங்கிருந்து படம் அனுப்பும் கூட்டத்தின் சார்பில் மூன்று விடயம்.

குழுவில் வந்த படத்தை இன்னொரு குழுவுக்கு 'ஃபார்வர்ட்' செய்தால் அது புதிதாகச் சுருங்காது, ஏற்கெனவே ஏற்றிய அதே கோப்புதான் போகும். ஆனால் கேலரியில் சேமித்து, அங்கிருந்து மறுபடி பகிர்ந்தால் மீண்டும் ஒருமுறை சுருங்கும். ஸ்டேட்டஸில் போட்டதைத் திரைப்பிடிப்பு எடுத்து அனுப்பினால் அதைவிட மோசம். எங்கள் அம்மம்மாவின் ஒரே படம் கொழும்பு, பாரிஸ், டொரன்டோ என்று கைமாறி, கடைசியில் செய்தித்தாளுக்கு இரங்கல் அறிவித்தல் கொடுக்கும்போது கன்னம் முழுக்கச் சதுரம் சதுரமாக நின்றது. யாரிடம் முதல் படம் இருக்கிறது என்று தேடியும் பயனில்லை, அந்தத் தொலைபேசியே எப்போதோ மாற்றப்பட்டுவிட்டது.

இரண்டாவது, ஐபோன். 2017 முதல் அது ஹைக் என்ற வடிவத்தில் படத்தைச் சேமிக்கிறது. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் ஜேபெக் ஆக்கிவிடும். டாக்குமென்ட் ஆக அனுப்பினால் ஹைக் ஆகவே வந்து சேரும், பழைய கணினிகளில் திறக்காது. கேமரா அமைப்பில் 'ஃபார்மட்ஸ்' என்ற இடத்தில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' தெரிவுசெய்தால் இனி எடுப்பவை ஜேபெக் ஆக இருக்கும்.

மூன்றாவது, தேதி. படமாக அனுப்பியதில் எடுத்த நாள், நேரம் எல்லாம் உதிர்ந்துவிடும். ஆண்ட்ராய்டில் கோப்புப் பெயரில் தெரிகிற தேதி படம் வந்து சேர்ந்த நாள், எடுத்த நாள் அல்ல. ஆல்பத்தில் மாலை மாற்றுவது முதலிலா கலசம் முதலிலா என்று வரிசைப்படுத்தும்போது இது தெரியாமல் தலை சுற்றும்.

---

வேலிப்பருத்தி (மதுரை) | பிற்பகல் 2.30

பனிக்கூதல் சொன்னதன் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். டாக்குமென்ட் ஆக அனுப்பினால் தேதியோடு சேர்ந்து எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் போகும், கேமராவில் இடக்குறிப்பு இயங்கிக்கொண்டிருந்தால். சதாபிஷேகம் நடந்த மண்டபம் எது என்று தெரிந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. வீட்டு வாசலில் குழந்தையை நிறுத்தி எடுத்த படத்தை நூற்றுக்கணக்கானோர் இருக்கும் குடியிருப்போர் குழுவில் இப்படி அனுப்புவது வேறு கதை. அந்த இடத்தில் வாட்ஸ்அப்பின் சாதாரண முறை உங்களுக்கு நல்லதே செய்கிறது, இடக்குறிப்பை அகற்றிவிடுகிறது.

அதோடு, மாமா சிபாரிசு செய்த அந்த இலவசச் சுருக்கும் செயலி. அது கேலரி முழுவதையும் பார்க்க அனுமதி கேட்கிறதா, படத்தைத் தன் சர்வருக்கு ஏற்றுகிறதா என்று யாராவது பார்த்தீர்களா?

---

காத்திருப்போர்பட்டியல் (சேலம்) | பிற்பகல் 3.02

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தேர்வு விண்ணப்பத்துக்குப் படத்தை 50 கேபிக்குள் கொண்டுவரச் சொல்கிறார்கள். தரத்தைக் குறைத்துக்கொண்டே போனால் முகம் கஞ்சியாகிவிடுகிறது. என்ன செய்வது?

---

நெறியாளர் | பிற்பகல் 3.10

தனி இழை தொடங்குங்கள் தம்பி. பதில் தெரிந்தவர்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டு இங்கே மாமாவிடம் திரும்பவும்.

---

இருட்டறை | பிற்பகல் 3.16

தம்பி, தரத்தைத் தொடாமல் புள்ளிகளைக் குறை. முதலில் தலை, தோள் மட்டும் கத்தரித்து, விண்ணப்பத்தில் கேட்ட அளவுக்கு, அளவு சொல்லவில்லை என்றால் உயரம் 500 புள்ளிக்குக் கொண்டுவா. பின்னணி வெற்று வெள்ளையாக இருக்கட்டும். அதற்குப் பிறகு 80 தரத்திலேயே 50 கேபிக்குள் உட்கார்ந்துவிடும்.

---

மல்லிகைப்பந்தல் | மாலை 6.45

அனைவருக்கும் நன்றி. குழுவில் போட இதை எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

"பார்த்து மகிழ அனுப்பும் படங்களை வழக்கம்போலவே அனுப்புங்கள், எந்தச் செயலியிலும் சுருக்க வேண்டாம். ஆல்பத்துக்குத் தேர்வாகும் படம் எது என்று நான் சொல்கிறேன். அதை எடுத்தவர் மட்டும், தன் கேமராவில் இருக்கும் படத்தை, இணைப்புக் குறியைத் தொட்டு 'டாக்குமென்ட்' வழியாக எனக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் வேண்டாம். படத்தை எடுத்தவர்கள் ஆல்பம் வரும்வரை தங்கள் போனிலிருந்து அழிக்க வேண்டாம்."

எச்டி என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டுமா?

---

எட்டுக்கட்டம் | மாலை 7.03

நன்றாக இருக்கிறது. எச்டி 2023இல் வந்தது. சாதாரண முறையைவிடப் பெரியதாகப் போகும், ஆனால் அதிலும் சுருக்கம் உண்டு. 'டாக்குமென்ட்' என்றால் பயந்துபோகும் அத்தைமாருக்கு மட்டும் சொல்லுங்கள். அனுப்பும் திரையில் மேலே இருக்கும் எச்டி குறியைத் தொட்டால் போதும் என்பது எளிது.

'அழிக்க வேண்டாம்' என்ற வரியை முதலில் கொண்டுவாருங்கள்.

---

இருட்டறை | மாலை 7.20

ஒன்று விட்டுப்போனது. வாட்ஸ்அப்புக்குள் இருக்கும் கேமராவில் எடுக்க வேண்டாம் என்றும் எழுதுங்கள். இனி எடுப்பதைப் போனின் சொந்தக் கேமராவில் எடுக்கட்டும். தாத்தாவின் பழைய கல்யாணப் படத்தையும் ஆல்பத்தில் சேர்ப்பீர்கள் என்று தெரியும், எல்லாரும் சேர்ப்பார்கள். அதைப் போனில் படம்பிடித்து அனுப்பாதீர்கள். ஸ்கேனர் உள்ள கடையில் 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், எடுக்கச் சொல்லி, கோப்பைப் பென் டிரைவில் வாங்குங்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயல வேண்டாம், சட்டத்தோடு கொடுத்துவிடுங்கள்.

---

பழையபேட்டரி | இரவு 8.11

மாமாவை மறந்துவிட்டீர்கள். அமைப்புகளில் சேமிப்பகம், தரவு என்ற பகுதிக்குப் போய் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். வேண்டியதைத் தொட்டால் மட்டும் இறங்கும். அதே பகுதியில் எந்தக் குழு எத்தனை ஜிபி தின்றிருக்கிறது என்று பட்டியலே இருக்கிறது. பெரும்பாலும் முதலிடத்தில் இருப்பது வீடியோதான், உங்கள் படங்கள் அல்ல. அதைக் காட்டினால் அவர் வாதத்தை விட்டுவிடுவார்.

அப்புறம், டாக்குமென்ட் ஆக வரும் படம் ஆண்ட்ராய்டில் வழக்கமாகக் கேலரியில் தெரியாது. நாளை உங்கள் போனில் தேடிவிட்டு "அத்தை எதுவுமே அனுப்பவில்லை" என்று சொல்லாதீர்கள். அவருடைய உரையாடலைத் திறந்து, மேலே பெயரைத் தொட்டு, ஆவணங்கள் பகுதியில் பாருங்கள்.